ஒடியல் கூழ் எலும்பில் தெரியுமா?

பெரியம்மா வீட்டில் கூழ் காய்ச்சும் நாளில், பானை அடுப்பில் ஏறுவதற்கு முன்னரே வாய்த்தர்க்கம் தொடங்கிவிடும். நண்டு காணாது என்பார் ஒருவர், பழப்புளி கூடிப்போகும் என்பார் இன்னொருவர். பெரியம்மா எதையும் காதில் போட்டுக்கொள்ளமாட்டார். ஒடியல் மாவை, அதாவது அவிக்காமல் காயவைத்த பனங்கிழங்கின் மாவை, காலையிலேயே தண்ணீரில் ஊறவிட்டு, மேலே தெளிந்து நிற்கும் கசப்புத் தண்ணீரை இரண்டு மூன்று தரம் வடித்து வைத்திருப்பார். பானைக்குள் நண்டு, இறால், திருக்கை, மீன்தலை, பயற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளிக்கிழங்கு, ஒரு பிடி அரிசி. எல்லாம் வெந்த பிறகு கரைத்த மாவும் இடித்த செத்தல் மிளகாயும் புளியும். பிலாவிலையைக் கோலி ஈர்க்குக் குத்திக் குடிப்போம்.

அந்தப் பானையைச் சுற்றி இருந்த எங்களுடைய எலும்பு மூவாயிரம் வருடம் கழித்து ஓர் ஆய்வுகூடத்துக்குப் போகிறது என்று வையுங்கள். இவர்கள் கடலுணவு தின்ற சனம் என்று அறிக்கை வரும். ஒடியலைப் பற்றி அநேகமாக ஒரு சொல்லும் இராது. வயிறு நிரம்பியது அதால்தான் என்றாலும் இராது.

ஏன் அப்படி என்று விளங்கிக்கொண்டால், வேட்டையாடியும் காய் கிழங்கு பொறுக்கியும் வாழ்ந்த ஆதி மனிதரைப் பற்றி வரும் செய்திகளை வடிகட்டி வாசிக்கலாம். ஒரு வருடம் 'ஆதி மனிதன் இறைச்சிதான் தின்றான்' என்று வருகிறது, அடுத்த வருடம் 'இல்லை, மரக்கறிதான்' என்று வருகிறது. இரண்டுக்கும் ஆதாரம் எலும்புதான்.

உயர்தரத்தில் இரசாயனவியல் படித்தவர்களுக்குச் சமதானி என்ற சொல் நினைவிருக்கும். ஒரே மூலகம், ஒரே குணம், நிறை மட்டும் கொஞ்சம் வேறு. இயற்கையில் உள்ள காபனில் ஏறத்தாழ 98.9 வீதம் காபன்-12, மிச்சம் 1.1 வீதம் காபன்-13. இரண்டும் சிதையாதவை. எத்தனை ஆயிரம் வருடம் மண்ணுக்குள் கிடந்தாலும் அவை தேயமாட்டா. செடிகள் ஒளித்தொகுப்பு செய்யும்போது பாரம் குறைந்த காபன்-12ஐக் கூடுதலாக எடுக்கின்றன. எவ்வளவு கூடுதலாக என்பதில் செடிகள் இரண்டு கட்சி. நெல், கோதுமை, பனை, தென்னை, மரவள்ளி, பயறு, காட்டு மரங்கள் எல்லாம் ஒரு கட்சி, அவற்றை சீ-3 என்பார்கள். குரக்கன், சாமை, தினை, வரகு, சோளம் (மக்காச்சோளம்), இறுங்கு, கரும்பு மற்றக் கட்சி, அவை சீ-4. காபன்-13இன் அளவைச் சர்வதேச அளவுகோலோடு ஒப்பிட்டால் முதல் கட்சி சராசரியாக ஆயிரத்துக்கு −26, −27 என்று நிற்கும். மற்றது −12, −13. நடுவில் நல்ல இடைவெளி இருப்பதால் மாறிப்போகாது. இந்தச் செடியைத் தின்ற ஆடும், அந்த ஆட்டைத் தின்ற ஆளும் அதே முத்திரையைச் சிறு மாற்றத்தோடு எலும்பில் சுமப்பார்கள்.

இந்த வித்தியாசம் பிடிபட்டது சாப்பாட்டைத் தேடிப்போனவர்களால் அல்ல. ரேடியோ காபன் முறையில் வயது கணிப்பவர்களுக்குச் சோளம் மட்டும் தொல்லை கொடுத்தது. அதே குழியில் எடுத்த மரக்கரியைவிட அது இரண்டு நூற்றாண்டு இளமையாகக் காட்டியது. சோளம் காபனை எடுக்கும் விதமே வேறு என்று பிறகுதான் தெரிந்தது. அப்படியானால் சோளம் தின்ற மனிதனின் எலும்பும் வேறாக இருக்கவேண்டுமே என்று 1977இல் வோகல், வான் டெர் மெர்வ என்ற இரண்டு ஆய்வாளர்கள் நியூயோர்க் மாநிலத்துப் பழைய எலும்புகளை அளந்தார்கள். இருந்தது. முந்திய எலும்புகளில் சோளம் இல்லை, பிந்தியவற்றில் உண்டு. பிழை ஒன்றை விரட்டிப்போய்க் கிடைத்த கருவி இது.

நைதரசன் வேறு கதை சொல்லும். உணவுச் சங்கிலியில் ஒரு படி ஏறும்போது நைதரசன்-15 ஆயிரத்துக்கு 3 முதல் 5 வரை கூடும். புல் கீழ்ப்படி, மாடு அடுத்தது, மாட்டைத் தின்றவர் அதற்கு மேல். கடலில் படிகள் நீளம். நுண்பாசி, அதைத் தின்னும் பூச்சி, சூடை, சூடையைத் தின்னும் பாரை, பாரையைத் தின்னும் சுறா என்று போவதால், கடலை நம்பி வாழ்பவரின் எலும்பில் இந்த எண் எகிறிவிடும். எனக்குப் பிடித்த உதாரணம் பால்குடிப் பிள்ளை. தாய்ப்பால் தாயின் உடம்பிலிருந்து வருவதால் பிள்ளை தாயைவிட ஒரு படி மேலே நிற்கும். பால் மறக்கச்செய்ததும் எண் இறங்கும். மூவாயிரம் வருடத்துக்கு முந்திய தாய் எந்த வயதில் பால் மறக்கச்செய்தாள் என்பதை இதைக் கொண்டு கணிக்கிறார்கள்.

சரி, ஒடியல் எங்கே போனது? பெரும்பாலான ஆய்வுகள் அளப்பது எலும்பில் உள்ள கொலாஜன் என்ற புரதத்தை. ஆட்டெலும்பு சூப் ஆறினால் மேலே தளதளவென்று உறையுமே, அது கொலாஜன் உருகி வந்ததுதான். ஆய்வுகூடத்தில் எலும்புத் துண்டை நீர்த்த அமிலத்தில் நாட்கணக்கில் ஊறவிடுகிறார்கள். சுண்ணாம்பெல்லாம் கரைந்துபோய், எலும்பின் வடிவத்திலேயே வளைக்கக்கூடிய மெத்தென்ற துண்டு ஒன்று மிஞ்சும். அதைச் சூடாக்கிக் கரைத்து, வடித்து, உறையவைத்து உலர்த்தினால் பஞ்சு மாதிரி வரும். ஒரு மில்லிகிராமுக்கும் குறைவான பஞ்சை எரித்து, அணுக்களை நிறைப்படி பிரித்து அளக்கும் திணிவு நிறமாலைமானிக்குள் விட்டால் எண் வந்துவிடும். கொலாஜன் கெட்டுப்போனதா இல்லையா என்பதற்கும் ஒரு சோதனை உண்டு. காபன், நைதரசன் அணுக்களின் விகிதம் 2.9க்கும் 3.6க்கும் இடையில் நிற்கவேண்டும். நிற்காவிட்டால் எண்ணைக் குப்பையில் போடவேண்டியதுதான்.

விஷயம் என்னவென்றால், உடம்பு கொலாஜனைக் கட்டுவது பெரும்பாலும் சாப்பாட்டில் வந்த புரதத்திலிருந்து. கூழில் புரதம் நண்டிலும் மீனிலும் இருக்கிறது. ஒடியல் மா கிட்டத்தட்ட முழுக்க மாச்சத்து, அது அன்றாடம் எரிந்து மூச்சாகப் போய்விடும். ஆகவே கொலாஜன் இறைச்சிக்கும் மீனுக்கும் உரத்துச் சாட்சி சொல்லும், கிழங்குக்கும் பழத்துக்கும் முணுமுணுக்கும். ஆதி மனிதன் என்றதும் ஈட்டியோடு நிற்கும் ஆம்பிளை கண்ணுக்குள் வருவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நான் நினைக்கிறேன். மிருகத்தின் எலும்பு குகையில் மிஞ்சும். கிழங்குத்தோல் மிஞ்சாது. மனித எலும்பைக் கேட்டால் அதுவும் இறைச்சிப் பக்கமே சாயும். தோண்டியெடுத்த கிழங்குக்கும் பொறுக்கிய விதைக்கும் சாட்சியே இல்லை.

இந்தச் சாய்வு தெரிந்தபின் வந்த முடிவுகள்தான் சுவாரசியமானவை. பெரு நாட்டின் அந்தீஸ் மேட்டுநிலத்தில் 9,000 முதல் 6,500 வருடத்துக்கு முன் வாழ்ந்த 24 பேரின் எலும்புகளைப் பற்றிய ஆய்வு 2024இல் வெளிவந்தது. வேட்டைக்காரர் என்றே எண்ணப்பட்ட சனம். சாப்பாட்டில் ஏறத்தாழ 80 வீதம் செடியுணவு, அதுவும் உருளைக்கிழங்கு போன்ற நிலக்கீழ்க் கிழங்குகளாக இருக்கவேண்டும் என்று வந்தது. கொலாஜன் இறைச்சிக்கு உரத்துப் பேசும் என்றேன், அப்படியிருந்தும் நைதரசன் எண் இறைச்சியை நம்பியவர்களுக்கு வரவேண்டிய உயரத்துக்கு ஏறவில்லை என்றால் இறைச்சி உண்மையிலேயே குறைவு என்றுதான் பொருள். அதே வருடம் மொரோக்கோவில் தஃபோரால்ட் குகை மனிதரைப் பற்றியும் ஓர் ஆய்வு வந்தது. விவசாயம் அங்கே வருவதற்குப் பல ஆயிரம் வருடம் முன்னரே, ஏறத்தாழ 15,000 வருடத்துக்கு முந்திய அந்தச் சனம் காட்டுச் செடிகளைக் கணிசமாகத் தின்றிருக்கிறது. அங்கே பல்லின் எனாமலில் உள்ள துத்தநாகத்தின் சமதானியையும் பார்த்தார்கள் (நாங்கள் பள்ளிக்கூடத்தில் நாகம் என்று படித்தது). படி ஏற ஏற நைதரசன் கூடும், துத்தநாகத்தின் பாரமான சமதானி குறையும்.

மறுபக்கம், அழிந்துபோன நியண்டர்தால் மனித இனத்தார் இருக்கிறார்கள். அவர்களின் நைதரசன் எண் ஓநாய், கழுதைப்புலி மட்டத்தில் நிற்கிறது. அந்தளவு புரதத்தை மனித ஈரல் தாங்காது. பிறகு எப்படி? 2025இல் ஒரு விளக்கம் வந்தது. அழுகும் இறைச்சியில் வளரும் புழுக்களை அளந்து பார்த்தபோது நைதரசன்-15 மிக உயரத்தில் இருந்தது. சேர்த்துவைத்த இறைச்சியைப் புழுவோடு தின்றிருந்தால் எண் தானாக ஏறியிருக்கும். கருவாட்டில் ஒரு புழுவைக் கண்டால் பார்சலோடு வீசும் எங்களுக்கு இது கொஞ்சம் கஷ்டம். ஆனால் யோசித்துப் பாருங்கள், ஒரு எண்ணுக்கு 'சிங்கம் மாதிரி வேட்டைக்காரன்' என்றும் பொருள் சொல்லலாம், 'புழுத்த இறைச்சி' என்றும் பொருள் சொல்லலாம்.

இலங்கையில் இன்னொரு சங்கடம். எங்கள் வெக்கைக்கும் ஈரத்துக்கும் கொலாஜன் நின்றுபிடிக்காது. பல்லாயிரம் வருடம் கிடந்த எலும்பு, உள்ளே ஒன்றுமில்லாத கோதாகத்தான் வரும். மிஞ்சுவது பல்லின் எனாமல், உடம்பிலேயே மிகக் கடினமான பொருள். அது கிட்டத்தட்ட முழுக்கக் கனிப்பொருள். அதிலுள்ள காபன் இரத்தத்தில் ஓடும் காபனிலிருந்து வருவதால் புரதம், மா, கொழுப்பு எல்லாவற்றையும் சேர்த்துக் காட்டும். அதாவது ஒடியல் எனாமலில் தெரியும்.

எனாமலுக்கு இன்னொரு விசேஷம், ஒருமுறை உருவானால் மாறாது. எலும்பு அப்படியல்ல. அது வாழ்நாள் முழுக்கப் பழையதைக் கரைத்துப் புதிதைக் கட்டிக்கொண்டே இருக்கும். தொடையெலும்பு சொல்வது கடைசிப் பத்துப் பதினைந்து வருடக் கதை. பல்லு சொல்வது பிள்ளைப் பருவக் கதை. எங்கள் ஊரில் பிள்ளைக்கு முதல் பல்லு வந்தால், தேங்காய்ச் சொட்டைப் பல்லு மாதிரிக் குத்திய கொழுக்கட்டையைத் தலையில் கொட்டுவோம். அந்த நாளில் எல்லாரும் எட்டிப் பார்க்கும் அந்த வெள்ளைப் புள்ளியின் எனாமல் பெரும்பகுதி தாயின் வயிற்றுக்குள் இருந்தபோதே உருவானது. அதில் இருப்பது அம்மாவின் சாப்பாடு.

இந்த எனாமலைத்தான் ஆய்வாளர் பட்றிக் றொபேர்ட்ஸ் குழுவினர் எடுத்தார்கள். இலங்கையில் பஹியங்கல, பட்டதொம்பலென குகைகள் போன்ற இடங்களில் அகழ்ந்தெடுத்த 26 பேரின் பற்கள். மிகப் பழையது ஏறத்தாழ 20,000 வருடம், மிக அண்மையது 3,000. முடிவு 2015இல் வந்தது. அதுவரை பல ஆய்வாளர்கள் மழைக்காட்டுக்குள் மனிதர் விவசாயம் இல்லாமல் வாழமுடியாது, அங்கே மாச்சத்தும் பெரிய வேட்டையும் கிடைப்பது அரிது என்று நம்பினார்கள். பற்கள் வேறு சொல்லின. அடர்காட்டின் அடித்தட்டில் வெளிச்சம் குறைவு, அங்கே தேங்கும் காற்றில் அழுகும் சருகிலிருந்து வரும் காபன் சேரும். அதனால் அங்குள்ள செடிகளில் காபன்-13 சாதாரண சீ-3 செடியைவிட இன்னும் குறையும். அந்த முத்திரை மனிதப் பற்களில் இருந்தது. காலநிலை மாறிய காலத்திலும் அவர்கள் காட்டை நம்பியே இருந்திருக்கிறார்கள். பஹியங்கலவில் கிடைத்த மிருக எலும்புகளைப் பற்றிய 2019ஆம் வருட ஆய்வும் இதோடு ஒத்துப்போகிறது. 45,000 வருடத்துக்கு முன்னரே அங்கே குரங்கும் மரஅணிலும்தான் வேட்டை. கடற்சிப்பியில் செய்த மணிகளும் அந்தக் காட்டுக் குகைகளில் கிடைத்திருக்கின்றன. கடலோடு தொடர்பு இருந்திருக்கிறது. ஆனால் கடல் கழுத்துக்குப் போனதே தவிர வயிற்றுக்குப் போனதாகப் பல்லு சொல்லவில்லை.

அப்போ எங்கள் யாழ்ப்பாணப் பக்கம்? ஆனைக்கோட்டையில் 1980இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக் கா. இந்திரபாலா குழுவினர் தோண்டியெடுத்த எலும்புக்கூடுகளை எல்லாருக்கும் தெரியும். ஆனால் அவை இரும்புக்காலச் சனத்தினுடையவை, வேட்டைக்காரர் அல்ல. மன்னார் மாந்தையில் அதைவிடப் பழைய இடைக்கற்கால மண்படை ஒன்று உண்டு. வேலணைத் தீவில் ஏறத்தாழ 3,500 வருடத்துக்கு முந்திய சிப்பிக் குவியலோடு கூடிய குடியிருப்பு ஒன்று அண்மையில் வெளிச்சத்துக்கு வந்தது. குடாநாட்டில் கிடைக்காத கல்லில் செய்த கருவிகளும் அங்கே உண்டு. சுண்ணாம்புக்கல்லில் கூர்ப்பான கருவி செய்யமுடியாது என்பதால் இங்கே வேட்டைக்காலச் சனம் வாழ்ந்திராது என்று சொல்லிக்கொண்டிருந்தோம். அவர்கள் கல்லைக் கொண்டுவந்திருக்கிறார்கள்.

சிப்பிக் குவியலைக் கண்டதும் 'மட்டி தின்ற சனம்' என்று எழுதத் தோன்றும். ஆனால் ஒரு கடகம் மட்டிக்குள் இருக்கும் சதை ஒரு கிண்ணம் காணாது, கோது மட்டும் மலையாகக் குவியும். சாப்பாட்டில் அதன் பங்கு எவ்வளவு என்பதை மனிதப் பல்லோ எலும்போதான் சொல்லவேண்டும். சொல்லும்போது எங்கள் கடல் ஒரு குழப்பத்தையும் சேர்த்துவிடும். அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்லவேண்டும்.

சீ-3 உணவையே நம்பி வாழ்ந்தவரின் கொலாஜனில் காபன் எண் −21 அளவில் நிற்கும். கடலுணவையே தின்றவருக்கு −12. குரக்கன் போன்ற சீ-4 உணவுக்காரருக்கு −7 அளவு. இப்போ ஒருவருக்கு −16 வந்தால்? பாதி மீனும் பாதி காட்டுக்கிழங்கும் தின்றவராக இருக்கலாம், தினையும் சாமையும் கலந்து தின்றவராகவும் இருக்கலாம். நைதரசனைப் பார்த்துப் பிரிக்கலாம், மீன்காரருக்கு அது உயரம். ஆனால் ஆழம் குறைந்த எங்கள் கடலில் சாதாழை என்ற கடற்புல் விளைகிறது. சாதாழையின் காபன் எண் கிட்டத்தட்டக் குரக்கனுடையது. அதை மேயும் ஆவுளியாவை, அதாவது கடற்பசுவை, எடுத்துக்கொள்ளுங்கள். அது கடலில் வாழும் மாடு, மீன் தின்னாது. காபனில் குரக்கன் மாதிரியும் நைதரசனில் மாடு மாதிரியும் இருக்கும். ஆவுளியா இறைச்சி தின்ற மூவாயிரம் வருடத்துக்கு முந்திய தீவுக்காரரை, தினைப்புனத்தில் மேய்ந்த மாட்டைத் தின்ற விவசாயி என்று ஆய்வாளர் எழுதிவிடக்கூடும். போதாக்குறைக்கு, வரண்ட உப்பு மண்ணில் வளரும் செடிகளில் நைதரசன்-15 இயல்பாகவே கூடும். ஆகவே வெளியூர் அட்டவணையை எடுத்து வைத்து எங்கள் எலும்பை வாசிக்க ஏலாது. முதலில் இங்குள்ள ஆடு, மீன், நண்டு, சாதாழை, செடி எல்லாவற்றையும் அளந்து உள்ளூர் அட்டவணை ஒன்று போடவேண்டும். சலிப்பான வேலைதான், ஆனால் எண்ணுக்குப் பொருள் வருவது அதிலிருந்துதான்.

மீன் தின்பது வயதுக் கணிப்பையும் குழப்பும். கடலில் உள்ள காபன் பழையது. அதைத் தின்றவரின் எலும்பு ரேடியோ காபன் கணிப்பில் சில நூறு வருடம் கூடுதலாகக் காட்டக்கூடும். அதனால் கடற்கரைச் சனத்தின் எலும்புக்கு வயது சொல்லும்போது சாப்பாட்டு எண்களையும் கேட்டு வாங்கித் திருத்தவேண்டும். மன்னார் நகரில் 2018இல் தோண்டத் தொடங்கிய புதைகுழியில் 300க்கு மேற்பட்டவர்களின் எலும்புகள் வந்தன. அமெரிக்க ஆய்வுகூடம் ஒன்றுக்குப் போன மாதிரிகள் 1404க்கும் 1635க்கும் இடைப்பட்டவை என்று 2019இல் முடிவு வந்தது. காணாமல் போனவர்களைத் தேடும் தாய்மார் அதை எப்படிக் கேட்டிருப்பார்கள் என்று நான் சொல்லத் தேவையில்லை. மீன் திருத்தம் சில நூற்றாண்டை அசைக்கலாம். 1990ஐ 1500 ஆக்காது, ஏனென்றால் 1950களின் அணுகுண்டுச் சோதனைகளுக்குப் பின் வாழ்ந்த எல்லார் உடம்பிலும் கூடுதல் காபன்-14 (அதுதான் ரேடியோ காபன்) இருக்கும். எந்த எலும்பை எடுத்தார்கள், எத்தனை எடுத்தார்கள் என்பது வேறு கேள்வி, அதை இயந்திரம் தீர்க்காது. செம்மணிப் புதைகுழிக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு எலும்பு ஆய்வைப் பற்றி வெறும் இரசாயனமாக எழுத எனக்கு வரவில்லை.

எரிக்கிற சனத்தைப் பற்றியும் கேட்பார்கள். எரிந்த எலும்பில் கொலாஜன் போய்விடும், காபனும் விறகுப் புகையோடு கலந்துவிடும். ஸ்ட்ரோன்சியம் என்ற மூலகம் மட்டும் தங்கும். அது சாப்பாட்டைச் சொல்லாது, நிலத்தைச் சொல்லும். குடிக்கும் தண்ணீரும் விளையும் பயிரும் எந்தப் பாறை மேல் இருந்தன என்பது அதில் தெரியும். காடாத்திச் சாம்பலை அள்ளிக் கீரிமலைக் கடலில் கரைத்துவிட்டால் அதுவும் இல்லை.

பாறை என்றதும் என் பல்லு ஞாபகம் வருகிறது. போன வருடம் கடைவாய் ஞானப்பல்லைப் பிடுங்கினார்கள். வைத்தியர் வீசப்போனதைக் கேட்டு வாங்கினேன். ஞானப்பல்லின் மேற்பகுதி எட்டு ஒன்பது வயதில் உருவாகத் தொடங்கிப் பதின்மூன்றளவில் முடியும். அதன் பிறகு வேர் வளரும். நான் 1982இல் பிறந்தவன். என் பல்லின் மேற்பகுதி போர்க்காலப் பொருளாதாரத் தடைக் காலம், வேர் 1995 ஒக்டோபர் யாழ்ப்பாண இடப்பெயர்வுக்குப் பிந்தியது. மேலே குடாநாட்டுச் சுண்ணாம்புக்கல் கிணற்றுத் தண்ணீர். கீழே முதலில் கிளிநொச்சி, அப்புறம் வவுனியாவின் பழைய கருங்கல் நிலம். ஸ்ட்ரோன்சியத்தை அளந்தால் இரண்டும் வேறாகத் தெரியவேண்டும்.

அயர்லாந்தில் 1840களின் பஞ்சத்தில் இறந்தவர்களின் பற்களை இப்படித்தான் அடுக்கடுக்காக வெட்டி அளந்தார்கள். கில்கெனி ஊரில் ஏழைகள் விடுதிப் புதைகுழியில் கிடைத்தவர்கள். உருளைக்கிழங்கு தின்று வளர்ந்தவர்களுக்கு நிவாரணமாக அமெரிக்கச் சோளமா வந்தது. சோளம் சீ-4 என்பதால் நிவாரணம் வந்த காலம் பல்லில் படியாகத் தெரிகிறது. பட்டினியும் தெரிகிறது. சாப்பாடு இல்லாதபோது உடம்பு தன் தசையையே தின்பதால் நைதரசன் எண் ஏறும், இறைச்சி தின்றவர் மாதிரி.

என்னுடையதில் என்ன இருக்கும் என்று சில இரவுகளில் கணக்குப் போட்டிருக்கிறேன். கடலுக்குப் போகத் தடை இருந்த மாதங்களில் மீன் குறைந்திருக்கும். அம்மா கிழமைக்கு இரண்டு மூன்று நாள் அவித்த குரக்கன் பிட்டு கட்டாயம் தெரியும். ஒடியல் பிட்டும் எனாமலில் எங்காவது இருக்கும், ஆனால் பனை என்று பெயர் சொல்லி அல்ல. சங்கக்கடையில் வரிசையில் நின்று வாங்கிய கோதுமை மா மட்டும் தெரியவே தெரியாது. கோதுமையும் நெல்லும் ஒரே கட்சி. அந்த மாவில் சுட்ட ரொட்டியைத் தின்னமாட்டேன் என்று நான் அழுத அழுகைக்கு, பல்லை வாசிப்பவர் இந்தப் பிள்ளை சோறு தின்று வளர்ந்தது என்றுதான் எழுதுவார்.